‘இந்தியா மஸ்ட் வின்’ என்று நாம் சொல்லும்போது என்ன சொல்கிறோம்? கால்பந்து ஆசைகளும் ஆங்கில மாடல் துணைவினைகளும்

மாலைவகுப்பு எழுதியது:

வியாசர்பாடியில் ஒரு மொட்டைமாடியில் மாலை ஆறரை மணிக்குப் பதினான்கு பேருக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பாலிடெக்னிக் மாணவர்கள், துணிக்கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், வீடுகளுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிகள். இந்தப் பகுதியை அறிந்தவர்களுக்குத் தெரியும், இங்கே கால்பந்து என்றால் உயிர். வகுப்பில் பாதிப்பேர் மைதானத்து மண்ணோடுதான் படியேறி வருவார்கள்.

மாடல் துணைவினைகளை மூன்று வாரம் நடத்தினேன். கேன் என்றால் முடியும், மே என்றால் லாம், மஸ்ட் என்றால் வேண்டும், ஷுட் என்றாலும் வேண்டும். நான் பள்ளியில் படித்த அதே அட்டவணை. எல்லாரும் ஒப்பித்தார்கள். வாயைத் திறந்து பேசச் சொன்னால் ‘மே ஐ கம் இன்’ தவிர எதுவும் வரவில்லை.

ஒரு நாள் நான் போவதற்கு முன்பே மாடியில் பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் இந்தியா கத்தாரிடம் 1-2 என்று தோற்ற உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். யாரோ அதைக் கைப்பேசியில் மறுபடி ஓடவிட்டிருக்கிறார்கள். “இதே சண்டையை ஆங்கிலத்தில் போடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்” என்றேன். ஒரு தம்பி எழுந்து, ‘இந்தியா மஸ்ட் வின் தட் மேட்ச்’ என்றார்.

அதைப் பலகையில் எழுதிவிட்டு, தமிழில் என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். “வென்றிருக்க வேண்டும்” என்றார். பக்கத்தில் இருந்தவர், “இல்லை அக்கா, ஆட்டத்துக்கு முன்னால் நிலைமை அப்படி. வென்றே ஆகவேண்டும்” என்றார். மூன்றாவதாக ஒரு பெண், “நாங்கள் எல்லாரும் ஆசைப்பட்டோம், அதைத்தான் சொல்கிறான்” என்றார். மூவரும் ஒரே வேண்டும்-ஐத்தான் மனதில் வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அது மூன்று வேறு வாக்கியம். ஆசை என்றால் ‘ஐ வாண்ட் இந்தியா டு வின்’. கட்டாயம் என்றால் ‘இந்தியா மஸ்ட் வின்’. நடந்து முடிந்த ஏமாற்றம் என்றால் ‘இந்தியா ஷுட் ஹேவ் வொன்’.

அன்றைக்கு ஒன்பது மணிவரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அட்டவணை கொடுக்காததை அந்த ஆட்டம் கொடுத்தது. இங்கே ஆங்கிலம் கற்பவர்களும் கற்பிப்பவர்களும் இருக்கிறீர்கள். இந்த வழியில் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம்? எங்கே வழுக்கும்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

நடுகளம் எழுதியது:

அந்த ‘மஸ்ட் வின்’ வாக்கியம் என்னுடையதுதான் அக்கா. டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அன்று வரை மஸ்ட் என்பதை ‘ரொம்ப வேண்டும்’ என்றுதான் நினைத்திருந்தேன். ஆசை அதிகமானால் மஸ்ட், கொஞ்சம் குறைந்தால் ஷுட். ஆசைக்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பே இல்லை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சொல்லாய்வு எழுதியது:

முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன். தமிழ்ப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

வேண்டும் என்ற சொல்லின் வேர் வேண்டுதல். விரும்புதல், இறைஞ்சுதல் என்பதே அதன் பழைய பொருள். கோயிலில் வேண்டிக்கொள்வதும் அதே சொல்தான். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்பதில் விருப்பம் நேராகவே நிற்கிறது. அதே சொல் வினையோடு சேர்ந்தபோது கடமையையும் ஏற்றுக்கொண்டது. ‘நீ நாளை வர வேண்டும்’ என்பது கட்டளையா, வேண்டுகோளா என்பதைக் குரலும் முகமும்தான் தீர்மானிக்கின்றன. இது தமிழின் குறையன்று. விருப்பத்தையும் கடமையையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் மொழி நமது. ஆங்கிலம் அவற்றைத் தனித்தனி வீடுகளில் குடிவைத்திருக்கிறது. மாணவன் தடுக்கி விழுவது அந்த வாசற்படியில்தான்.

இன்னும் நுட்பமான இடம் இறந்தகாலம். அம்மையார் சொன்ன அதே ஆட்டத்தில் கத்தாரின் முதல் கோலுக்கு முன் பந்து மைதானத்தின் எல்லையான கோல்கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்று படங்கள் காட்டின அல்லவா? இந்த இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள்.

‘பந்து கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும்.’
‘துணை நடுவர் கொடியை உயர்த்தியிருக்க வேண்டும்.’

வடிவம் ஒன்றே. முதலாவது ஊகம்: நான் பார்க்கவில்லை, ஆனால் இந்திய வீரர்கள் முறையிட்டதை வைத்துத் தீர்மானிக்கிறேன். இரண்டாவது குற்றச்சாட்டு: செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. ஆங்கிலத்தில் முதலாவதுக்கு ‘மஸ்ட் ஹேவ்’, இரண்டாவதுக்கு ‘ஷுட் ஹேவ்’. மாற்றிச் சொன்னால் பொருள் தலைகீழாகிவிடும். ‘தி லைன்ஸ்மேன் மஸ்ட் ஹேவ் ரெய்ஸ்டு தி ஃப்ளாக்’ என்றால், கொடியை நிச்சயம் உயர்த்தியிருப்பார், நாம்தான் கவனிக்கவில்லை என்று அவருக்காக வாதாடுவதாக ஆகும்.

ஒன்று மட்டும் நமக்கு எளிது. ‘நடுவர் அதைப் பார்த்திருக்க முடியாது’ என்பது ‘கான்ட் ஹேவ் ஸீன்’ என்று அப்படியே போகிறது. அங்கே இரண்டு மொழிகளும் ஒரே பாதையில் நடக்கின்றன.

வளைகுடா எழுதியது:

அந்த ஆட்டத்தை ஜாசிம் பின் ஹமத் மைதானத்தில் நேரில் பார்த்தவன் நான். முதல் பாதியில் சாங்டே கோல் அடித்தபோது எங்கள் பக்கம் எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 73-ஆவது நிமிடம்வரை முன்னிலை. பிறகு அந்தக் கோல். 85-இல் இன்னொன்று. அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் வசதி கிடையாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை.

நான் எழுத வந்தது வேறு. ஒன்பது ஆண்டுகளாக இங்கே கத்தாரில் கட்டுமான நிறுவனம் ஒன்றில் மேற்பார்வைப் பணி. வந்த புதிதில் ஒரு பொறியாளரிடம் தாளை நீட்டி, ‘சர், யூ மஸ்ட் சைன் திஸ் டுடே’ என்றேன். மனதுக்குள் நான் சொன்னது, ‘ஐயா, இன்று நீங்கள் இதில் கையெழுத்துப் போட வேண்டும்.’ தமிழில் அது பணிவான வேண்டுகோள். அவர் முகம் சிவந்துவிட்டது. எனக்குக் காரணமே புரியவில்லை. இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. கேரளத்து நண்பர் ஒருவர்தான் பிறகு சொன்னார்: ‘குட் யூ சைன் திஸ் டுடே’ என்று கேட்டிருக்க வேண்டும், நீ சொன்னது உத்தரவு.

ஆகவே இது வெறும் இலக்கணச் சிக்கல் என்று யாரும் நினைக்க வேண்டாம். வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த விஷயம். கால்பந்தில் தப்பாகச் சொன்னால் நண்பன் திருத்துவான். வேலையிடத்தில் திருத்த ஆள் கிடையாது.

யாழ்கரை எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரிலும் உதைபந்தாட்டம் என்றால் பின்னேரம் முழுக்க மைதானத்தில்தான். எங்களுக்கு ஆங்கிலப் பாடத்தில் இதை ஒரு ஏணியாகப் படிப்பித்தார்கள். வில் என்றால் நூறு வீதம், ஷுட் என்றால் எண்பது, மே ஐம்பது, மைட் முப்பது. ஆர்ஜென்டினாவுக்கும் சவூதிக்கும் ஆட்டம் என்றால் எது எத்தனை வீதம் என்று பார்த்து வசனத்தை எழுதலாம். மாணவர்களுக்கு இது இலகுவாகப் பிடிபடும். நீங்களும் ஏணியில் இருந்து தொடங்கலாமே?

மாலைவகுப்பு எழுதியது:

யாழ்கரை, அந்த ஏணி எனக்கும் தெரியும், நானும் பலகையில் வரைந்தேன். மறுநாளே அழித்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

மே, மைட், குட் மூன்றும் இன்றைய பேச்சில் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில்தான் நிற்கின்றன. மைட் சற்றுத் தயக்கமாக ஒலிக்கலாம், அவ்வளவுதான். ஐம்பது, முப்பது என்று எண் போட்டால் மாணவர்கள் பேசுவதற்கு முன் கணக்குப் போட ஆரம்பிக்கிறார்கள். வாய் அடைத்துப்போகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஷுட். அது ஏணியில் ஒரு படியே அல்ல. ‘ஆர்ஜென்டினா ஷுட் பீட் சவூதி அரேபியா’ என்று 2022 நவம்பர் 22 காலையில் உலகமே சொல்லியிருக்கும். அதன் பொருள் எண்பது விழுக்காடு என்பதன்று. முறைப்படி நடந்தால் இப்படித்தான் நடக்கும், ஏனென்றால் அவர்கள் அதற்கு முன் முப்பத்தாறு ஆட்டங்களாகத் தோற்கவில்லை, மெஸ்ஸி இருக்கிறார் என்று பேசுபவர் ஒரு நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார். அன்று மாலை 2-1 என்று சவூதி வென்றது. அப்போதும் ஷுட் பொய்யாகவில்லை. ‘தே ஷுட் ஹேவ் வொன்’ என்று அதே நியாயத்தை இறந்தகாலத்தில் சொன்னார்கள். வில் சொன்னவர்கள்தான் தவறிப்போனார்கள். இந்த வேறுபாட்டை எந்த விழுக்காடும் காட்டாது. நம் தமிழில் இதற்கு நெருக்கமானது வேண்டும் அன்று. ‘வென்றுவிடுவார்கள், வெல்லாமல் என்ன’ என்று சொல்லும் அந்தத் தொனி.

யாழ்கரை எழுதியது:

ஷுட் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் முற்றிலும் புதியவருக்கு ஏதோ ஒரு படிமம் தேவை. ஏணியைக் காட்டிவிட்டுப் பிறகு எடுத்துவிடலாம் என்பதே என் எண்ணம். உங்கள் வகுப்பில் பதினான்கு பேர். எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். எல்லோரையும் வாதாட விட்டுக் காத்திருக்க நேரம் இல்லை.

மாலைவகுப்பு எழுதியது:

நாற்பத்திரண்டு பேர் என்பது வேறு உலகம்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு அணியைக் கொடுத்துப் பாருங்களேன்.

பழையரசிகர் எழுதியது:

எனக்கு எழுபத்தொரு வயது. பேரன் இந்த இழையைக் காட்டினான். இளைஞர்கள் தோல்விகளை வைத்தே இலக்கணம் படிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றோம், நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். 1962-இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டுத் தங்கம். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். எங்கள் அப்பா மாலையானால் வானொலி முன் உட்காருவார், இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார். இவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சொல்லாய்வு எழுதியது:

பழையரசிகர் ஐயா, நீங்கள் அறியாமலே எங்களுக்கு ஒரு பாடம் தந்துவிட்டீர்கள். ‘அப்பா உட்காருவார், சொல்லிக்கொண்டே இருப்பார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்தது அறுபது ஆண்டுகளுக்கு முன், வினையோ எதிர்கால வடிவம். பழைய வழக்கத்தைச் சொல்லத் தமிழ் எதிர்காலத்தைக் கடன்வாங்குகிறது. ஆங்கிலமும் அதே இடத்தில் வில்லின் இறந்தகாலமான வுட்-ஐத்தான் வைக்கிறது: ‘மை ஃபாதர் வுட் சிட்’, ‘ஹி வுட் ஸே’. நம் பிள்ளைகள் இங்கே ‘ஹி இஸ் ஸிட்டிங்’, ‘ஹி வாஸ் ஸிட்டிங்’ என்று தடுமாறுகிறார்கள். தங்கள் தாத்தா வழக்கமாகச் செய்தவற்றைத் தமிழில் சொல்லச் சொல்லி, ‘வார்’, ‘ப்பார்’ என்று முடியும் இடமெல்லாம் வுட் போடச் சொல்லுங்கள். வந்துவிடும்.

இன்னொரு ஒற்றுமையும் நினைவுக்கு வருகிறது. பத்து முறை அடித்தும் கோல் விழவில்லை என்றால் நாம் என்ன சொல்வோம்? ‘பந்து உள்ளே போகவே மாட்டேன் என்கிறது.’ பந்துக்கு ஏது மனம், ஏது பிடிவாதம்? ஆனாலும் சொல்கிறோம். ஆங்கிலேயரும் அதையே சொல்கிறார்கள்: ‘தி பால் ஜஸ்ட் வுடன்ட் கோ இன்.’ கதவு திறக்க மாட்டேன் என்கிறது, வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது, எல்லாம் வோன்ட்தான். வில் என்ற சொல்லுக்குள் விருப்பம், மனஉறுதி என்ற பொருள் ஆதியிலிருந்தே இருக்கிறது. நம் மாட்டேன் போல.

பழையரசிகர் எழுதியது:

அப்படியா! பேரனிடம் வாசித்துக் காட்டச் சொன்னேன். மகிழ்ச்சி ஐயா.

கடலூர்க்காரி எழுதியது:

நான் பெண் குழந்தைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுப்பவள். இந்த இழையில் எல்லாரும் ஆண்கள் ஆட்டத்தையே பேசுகிறீர்கள். தேசியப் போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இலும் 2023-இலும் கோப்பையை வென்றார்கள். இந்தியப் பெண்கள் அணி 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தாய்லாந்து இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிய அணி. அவர்கள் ஊரில், அவர்கள் ரசிகர்கள் முன்னால். இரண்டு கோல்களும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தவை. நம்பிக்கை பற்றிப் பேசினால் இங்கிருந்து தொடங்குங்கள்.

அந்த ஆட்டத்தை வைத்து என் பிள்ளைகளிடம் நான் கண்ட பிழை ஒன்று. ‘தாய்லாந்தை வெல்ல முடிந்தது’ என்பதை எல்லாரும் ‘இந்தியா குட் பீட் தாய்லாந்து’ என்று எழுதினார்கள். முடியும் என்றால் கேன், முடிந்தது என்றால் குட் என்று கணக்கு. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த என் அக்கா படித்துவிட்டு, ‘அப்படியானால் வென்றார்களா இல்லையா?’ என்று கேட்டாள். ஏன் அப்படிக் கேட்டாள் என்று யாராவது விளக்குங்கள். எனக்கு விதி தெரியும், காரணம் சொல்லத் தெரியவில்லை.

மாலைவகுப்பு எழுதியது:

கண்டிப்புக்கு நன்றி அக்கா, அந்த ஆட்டம் வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகிறது.

குட் பொதுவான திறமையைச் சொல்லும். ‘ஷி குட் ரன் ஆல் டே வென் ஷி வாஸ் யங்’ என்றால் இளவயதில் நாள் முழுக்க ஓடும் ஆற்றல் அவளுக்கு இருந்தது. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரே முறை, முயன்று சாதித்ததைச் சொல்ல அது போதாது. அதற்கு ‘வேர் ஏபிள் டு பீட்’ அல்லது ‘மேனேஜ்டு டு பீட்’. ‘இந்தியா குட் பீட் தாய்லாந்து’ என்பதைக் கேட்பவர், இது இனி நடக்கக்கூடியதைப் பற்றிய ஊகம் என்றே எடுத்துக்கொள்வார். அதனால்தான் உங்கள் அக்காவுக்குச் சந்தேகம். வென்றாயிற்று என்ற செய்தியே அந்த வாக்கியத்தில் இல்லை.

எதிர்மறையில் இந்தச் சிக்கல் கிடையாது. ‘தாய்லாந்தால் சமன் செய்ய முடியவில்லை’ என்பதை ‘குடன்ட் ஈக்வலைஸ்’ என்று தாராளமாக எழுதலாம். செய்ய இயலவில்லை என்றால் செய்யவில்லை என்பதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. இயன்றது என்பதற்குள் செய்தார்கள் என்பது அடங்காது.

கடலூர்க்காரி எழுதியது:

இப்போது புரிகிறது. முடிந்தது என்ற நம் சொல்லில் வேலை நிறைவேறியதும் சேர்ந்தே இருக்கிறது. அவர்களுக்கு இல்லை.

வளைகுடா எழுதியது:

மஸ்ட் நாட், டோன்ட் ஹேவ் டு இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இங்கே ஏராளம். ‘நீங்கள் நாளை வரவேண்டியதில்லை’ என்று சொல்ல நினைத்து ‘யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ’ என்று சொல்லி, தொழிலாளர்களை நடுங்க வைத்த மேற்பார்வையாளர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த பாடம், 2022 உலகக் கோப்பையின் சி பிரிவு கடைசி நாள். நவம்பர் 30. இங்கேதான் நடந்தது.

போலந்து கையில் நான்கு புள்ளிகள். ஆர்ஜென்டினாவோடு சமன் செய்தாலே அடுத்த சுற்று உறுதி. அதாவது வெல்லத் தேவையில்லை: ‘தே டோன்ட் ஹேவ் டு வின்.’ இடைவேளைக்குப் பிறகு ஆர்ஜென்டினா இரண்டு கோல் போட்டது. அதே நேரம் இன்னொரு மைதானத்தில் மெக்சிகோ சவூதிக்கு எதிராக 2-0. இப்போது போலந்தும் மெக்சிகோவும் புள்ளியில் சமம், கோல் வித்தியாசத்தில் சமம், அடித்த கோலில் சமம், அவர்கள் மோதிய ஆட்டமும் 0-0. எஞ்சியது மஞ்சள் அட்டை எண்ணிக்கை. அதைக் குறைவாக வாங்கியிருந்ததால் மட்டும் போலந்து மேலே. இனி ஒரு கோலும் வாங்கக்கூடாது, முரட்டுத்தனமாக மோதி அட்டையும் வாங்கக்கூடாது: ‘தே மஸ்ட் நாட் கன்சீட்’, ‘தே மஸ்ட் நாட் கெட் எ கார்டு’. மெக்சிகோவுக்கோ இன்னொரு கோல் வேண்டும், ‘தே மஸ்ட் ஸ்கோர்’. கடைசியில் கூடுதல் நேரத்தில் சவூதியின் அல்-தவ்சாரி ஒரு கோல் அடித்தார், மெக்சிகோ வென்றும் வெளியேறியது. போலந்து தோற்றும் உள்ளே போனது.

தேவையில்லை, கூடாது, வேண்டும் மூன்றும் ஒரே மாலையில், இரண்டு அணிகளின் தலையெழுத்தாக. இதைப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

நடுகளம் எழுதியது:

வளைகுடா அண்ணா, இதை அப்படியே வகுப்பில் நடித்தோம். இருவர் போலந்து, இருவர் மெக்சிகோ, ஒருவர் கடிகாரம். நிமிடம் சொல்லச் சொல்ல ஒவ்வொருவரும் தங்கள் நிலைமையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அறுபதாவது நிமிடத்தில் நான் ‘வீ டோன்ட் ஹேவ் டு ஃபவுல்’ என்றேன். மாடியே ‘மஸ்ட் நாட்’ என்று கத்தியது.

ஒரு கேள்வி. ‘வெல்லாமல் போகலாம்’, ‘வெல்ல முடியாது’ இரண்டுக்கும் நாட் எங்கே போடுவது? மே நாட், கான்ட் இரண்டும் எனக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன.

மாலைவகுப்பு எழுதியது:

உங்கள் தமிழிலேயே விடை இருக்கிறது தம்பி. ‘வெல்லாமல் போகலாம்’ என்பதில் இல்லாமை வெல்வதோடு ஒட்டியிருக்கிறது. வாய்ப்பு திறந்தே இருக்கிறது. ‘வெல்ல முடியாது’ என்பதில் இல்லாமை வாய்ப்பையே அடைத்துவிட்டது. மே நாட், மைட் நாட் முதலாவது. கான்ட் இரண்டாவது.

நம் ஊர்க் கதையே சொல்கிறேன். 2015 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடரில் ‘சென்னையின் எஃப்சி’ அணி பாதி வழியில் பட்டியலின் அடியில் கிடந்தது. ‘தே கான்ட் வின் இட் நவ்’ என்று சொன்னவர்கள் நிறையப் பேர், என் வீட்டிலேயே இருந்தார்கள். ‘தே மைட் நாட் வின் இட்’ என்று சொல்லியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும். டிசம்பர் மழை வெள்ளத்தில் சென்னையே மூழ்கிக் கிடந்தபோது அரையிறுதியின் முதல் ஆட்டத்தைப் புனேயில் ஆடினார்கள், 3-0 என்று கொல்கத்தாவை வென்றார்கள். கோவாவில் இறுதி ஆட்டம். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. 90-இல் கோவா கோல்கீப்பரின் சுய கோல், அடுத்த இரண்டொரு நிமிடங்களில் சென்னையின் மென்டோசா அடித்த கோல், 3-2. வெள்ளத்தில் புத்தகம் எல்லாம் போன வீட்டில், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தேன். அன்றிலிருந்து கான்ட் என்ற சொல்லை ஊகத்துக்குப் பயன்படுத்த எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது. அது மிகவும் வலிய சொல். கணக்கு முற்றிலும் மூடிய பிறகுதான் அதை எடுக்க வேண்டும்.

சொல்லாய்வு எழுதியது:

கணக்கு என்றதும் கத்தார் ஆட்டத்துக்கே திரும்புகிறேன். வுட் ஹேவ், மைட் ஹேவ் இரண்டையும் பிரித்துக்காட்ட அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

இந்தியாவிடம் அன்று ஐந்து புள்ளிகள் இருந்தன. வென்றிருந்தால் எட்டு. அதே பிரிவில் ஆப்கானிஸ்தானை வென்ற குவைத் ஏழில் நின்றது. ஆகவே, ‘இந்தியா வென்றிருந்தால் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும்’ என்பது கூட்டல் கணக்கு, ஐயமே இல்லை. அங்கே ‘வுட் ஹேவ் கான் த்ரூ’. ஆனால், ‘அந்தக் கோலை நடுவர் மறுத்திருந்தால் இந்தியா வென்றிருக்கும்’ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? இன்னும் பதினேழு நிமிடங்கள் மிச்சம் இருந்தன. கத்தார் வேறு கோல்கள் அடித்திருக்கலாம். அங்கே ‘மைட் ஹேவ் வொன்’ என்பதே நேர்மை. மனம் வுட் என்று சொல்லத் துடிக்கும். எனக்கும் துடிக்கிறது.

இன்னொன்று: இஃப் என்ற பகுதிக்குள் வில் நுழையக்கூடாது. தமிழில் ‘வென்றால்’ என்பதில் எதிர்கால அடையாளம் இல்லை. ஆங்கிலத்திலும் ‘இஃப் தே வின்’ போதும், வில் அடுத்த பகுதிக்குத்தான். 2015 டிசம்பரில், லெஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்றால் அடுத்த பருவத்தின் முதல் தொலைக்காட்சி நிகழ்ச்சியை உள்ளாடையோடு நடத்துவேன் என்று முன்னாள் வீரரும் கால்பந்து நிகழ்ச்சித் தொகுப்பாளருமான கேரி லினேக்கர் இந்த அமைப்பில்தான் வாக்குக் கொடுத்தார். பருவத் தொடக்கத்தில் லெஸ்டருக்குப் பந்தயக்காரர்கள் வைத்த விகிதம் 5000-க்கு 1. 2016 மே மாதம் லெஸ்டர் வென்றது. ஆகஸ்டில் அவர் சொன்னபடி செய்தார். வுட் போட்டுச் சொல்லியிருந்தால் அது வெறும் கற்பனை என்று தப்பித்திருக்கலாம். வில் அவரைக் கட்டிப்போட்டது.

கடலூர்க்காரி எழுதியது:

பிள்ளைகளுக்கு இந்தக் கதை நன்றாக நினைவில் நிற்கும் ஐயா.

நடுகளம் எழுதியது:

நேற்று வகுப்பில் அக்கா எல்லாரையும் தங்கள் ஆசையைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார். என்னுடையதை இங்கே போடுகிறேன், திருத்துங்கள்.

‘ஐ வாண்ட் இந்தியா டு பிளே இன் எ வேர்ல்டு கப்.’
‘வீ ஷுட் ஹேவ் வொன் இன் தோஹா.’
‘வீ டோன்ட் ஹேவ் டு பி எ பிக் டீம்.’
‘வீ மஸ்ட் நாட் ஸ்டாப் பிளேயிங்.’
‘ஒன் டே வீ குட் குவாலிஃபை.’

மூன்றாவது எழுதும்போது குராசாவோவை நினைத்துக்கொண்டேன். ஒன்றரை லட்சம் பேர் உள்ள தீவு, 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. எங்கள் தொகுதியிலேயே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

யாழ்கரை எழுதியது:

தம்பி, ஐந்தும் சரி. கடைசி வசனத்தில் மைட் போட்டாலும் பொருந்தும். ஏன் குட் எடுத்தீர்கள் என்று அறிய ஆசை.

நடுகளம் எழுதியது:

வகுப்பிலும் அக்கா அதையே கேட்டார். மைட் என்றால் நடந்தாலும் நடக்கலாம் என்று மழையைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. குட் என்றால் நடக்கலாம் என்பதோடு எங்களால் இயலும் என்பதும் சேர்ந்து வருகிறது. நான் ஆடுகிறவன், அதனால் குட்.

யாழ்கரை எழுதியது:

விளங்கியது. ஏணியில் இதற்கு இடம் இல்லைதான். எங்கள் வகுப்பில் நாளைக்கு நான்கு நான்கு பேராகப் பிரித்துப் பார்க்கிறேன். சி பிரிவுக் கடைசி நாளையே கொடுக்கப் போகிறேன். நாற்பத்திரண்டு பேரில் இருவர் மிஞ்சுவார்கள், அவர்கள் கடிகாரமும் நடுவரும்.

மாலைவகுப்பு எழுதியது:

நடுவருக்கு ஒரு மஞ்சள் அட்டை செய்து கொடுங்கள் யாழ்கரை. மஸ்ட் நாட், டோன்ட் ஹேவ் டு மாற்றிச் சொல்பவருக்கு அதைக் காட்டச் சொல்லுங்கள். எப்படி நடந்தது என்று கட்டாயம் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை நாங்கள் சியாங் மாய் ஆட்டத்தைப் பார்க்கிறோம்.